ஞாயிற்றுக்கிழமை நான் வார்த்தைப்பாடு கொடுக்கிறேன்

தம்பி,

நீ அனுப்பிய குரல்செய்தியை மூன்று முறை கேட்டுவிட்டேன். முதல் தடவை கந்தோரில், கோப்புகளுக்கு நடுவே, தொலைபேசியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு. இரண்டாம் தடவை பஸ்ஸில். மூன்றாம் தடவை வீட்டில், அப்பாவுக்கும் கேட்கும்படி சத்தமாகப் போட்டேன். இரண்டு நிமிடத்துக்குள் "நிப்பாட்டுங்கோ அம்மா" என்று நான்கு முறை சொல்லியிருக்கிறாய். அப்பா கையில் ஒட்டியிருந்த எஞ்சின் எண்ணெயைத் துடைத்தபடி, "உவன் என்ன, ஓடுற வள்ளத்தை நடுக்கடலிலை நிப்பாட்டச் சொல்லுறான்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு வாயால் பதில் சொல்ல என்னால் முடியாது. நீ இரண்டு சொல் உரத்துச் சொன்னால் என் சொற்கள் தொண்டைக்குள்ளேயே போய்விடும் என்று உனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது என்னை ஒருவரும் இடையில் மறிக்க முடியாது. பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன். கடைசி வரிவரை வாசி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிப்பாட்ட மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைப் பூசையில், பீடத்துக்கு முன்னால் நின்று, மூன்றாம் சபையில் என் வார்த்தைப்பாட்டைக் கொடுக்கப்போகிறேன். தை மாதம் உன் கலியாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடவும் மாட்டேன்.

மூன்றாம் சபை என்றால் என்ன என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. "அம்மா கன்னியாஸ்திரியாகப் போறா" என்று நீயே முடிவெடுத்துக்கொண்டாய். முதலாம் சபை குருக்களுக்கும் சகோதரர்களுக்கும். இரண்டாம் சபை மடத்துக் கன்னியருக்கு. மூன்றாவது, வீட்டில் இருக்கிறவர்களுக்கு. கலியாணம் கட்டினவர்கள், மீன் விற்கிறவர்கள், என்னைப்போலக் கந்தோரில் விண்ணப்பப் படிவங்களோடு மாரடிக்கிறவர்கள். மடம் இல்லை, முக்காடு இல்லை. நான் இதே வீட்டில்தான் இருப்பேன். அப்பாவோடு சண்டை பிடிப்பேன், சம்பளம் எடுப்பேன், உன் கலியாணத்துக்கு நீ சொல்கிற நிறத்தில் சேலை உடுப்பேன். காலையும் மாலையும் திருப்புகழ்மாலைச் செபம் சொல்லவேண்டும். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை கூட்டத்துக்குப் போகவேண்டும். தேவைக்கு மிஞ்சி வைத்திருக்கக்கூடாது. படுக்கையில் கிடக்கிறவர்களைக் குழுவாகப் போய்ப் பார்க்கவேண்டும். இதைச் சாகும்வரை செய்வேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்வதற்குப் பெயர்தான் வார்த்தைப்பாடு.

இது உனக்குத் தெரியவந்த விதம் பிழை. அது என் பிழைதான். நம்முடைய பங்குக் கோயிலில் வார்த்தைப்பாடு கொடுக்கிறவர்கள் மண்ணிறத்தில் ஒரு அங்கி தைத்து அலுமாரியில் வைப்பார்கள். உயிரோடு இருக்கும்போது அதை உடுப்பதில்லை, இறந்தால் பெட்டிக்குள் அதைத்தான் போடுவார்கள். குருநகரில் பிறந்த எவருக்கும் அந்த அங்கியைச் செத்தவீட்டில்தான் தெரியும். நான் யோசிக்காமல் துணியை வாங்கிக்கொண்டுபோய்ச் சந்தியில் உள்ள தையற்கடையில் அளவு கொடுத்தேன். இரண்டு நாளில் உன் மாமி, அப்பாவின் அக்கா, ஒரு பை அப்பிளோடும் பால்மாவோடும் வாசலில் நின்றா. என் முகத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டா.

"எத்தினையாம் கட்டம்?"

"என்ன கட்டம், மச்சாள்?"

"என்னட்டை ஒளிக்காதை. தெல்லிப்பழைக் கான்சர் ஆஸ்பத்திரியிலையோ காட்டுறாய், கொழும்புக்கோ போகப்போறாய்?"

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"வருத்தமில்லாத மனுசி ஆரும் பெட்டிக்குப் போடுற உடுப்புக்கு அளவு குடுப்பாளோ?"

நான் விளங்கப்படுத்த வாயைத் திறக்குமுன் அப்பா குசினிக்குள்ளிருந்து வந்துவிட்டார். "அக்கா, ஆளுக்கு வருத்தமில்லை எண்டு அப்பிளைத் திருப்பிக் கொண்டு போயிடாதை, எனக்குப் பசிக்குது" என்றார். மாமி அவரையும் திட்டி, என்னையும் திட்டி, பையைப் படாரென்று மேசையில் வைத்துவிட்டுப் போனா. ஆனால் கதை அவவைவிட வேகமாக ஓடியிருந்தது. உன் கூட்டாளி ஒருவன் "அம்மாவுக்கு இப்ப எப்பிடி?" என்று உனக்கு எழுத, நீ கொழும்பிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு தொலைபேசி எடுத்தாய். எனக்கு ஒன்றுமில்லை என்றதும் அழுதாய். அந்த அழுகையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அங்கி எதற்கென்று சொன்னதும் தொலைபேசியை வைத்துவிட்டாய். அடுத்தநாள்தான் குரல்செய்தி வந்தது. நீ கட்டப்போகிற டிலானியின் வீட்டுக்காரர் இதை விரும்பமாட்டினம், மாமியார் சாமியார் என்றால் நாளைக்குப் பேரப்பிள்ளையை ஆர் பார்க்கிறது என்று கேட்பினம், கலியாணப் பேச்சுக்கால் குழம்பிப்போகும், அதோடு, "ஆர் உங்களை உதுக்குக் கேட்டது?"

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் மூன்று வருடமாகப் பதில் தேடினேன்.

உன் தாத்தா ஆழமில்லாக் கடலில் தடி நட்டுக் களங்கட்டி வலை வைத்தவர். எங்கள் ஒழுங்கையில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். படிப்பு எனக்கு உத்தியோகத்தைத் தந்தது, குரலைத் தரவில்லை. நாலு வருடம் விரிவுரை மண்டபத்தின் கடைசி வாங்கில் இருந்து, கேள்விகளைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, ஒன்றையும் கேட்காமல் வெளியே வந்தவள். கோயிலில் வாசகம் வாசிக்கச் சொல்லி எத்தனை சுவாமிமார் கேட்டார்கள், எத்தனை முறை எனக்குத் தடிமன், தொண்டை அடைத்துவிட்டது என்று சொன்னேன் என்று உனக்குத் தெரியும். பேசாதவர்களுக்குப் பார்க்கத் தெரியும் என்பார்கள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். கந்தோரில் என் மேசைக்கு முன்னால் நிற்கிறவர்களின் செருப்பு, அவர்கள் எந்த நேர பஸ்ஸில் வந்திருப்பார்கள், எத்தனை தரம் படிவத்தை மடித்து விரித்திருக்கிறார்கள், எல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டும், "கிராம அலுவலரின் கையொப்பம் இல்லை, நாளைக்கு வாங்கோ" என்றேன். ஒருநாள் தொண்டைமானாற்றிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அப்படிச் சொன்னேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "நாளைக்கும் நீங்கள்தானே இருப்பியள்?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். அவள் முகத்தில் ஒரு பயம் வந்ததைக் கண்டேன். என்னைப் பார்த்துப் பயப்பட ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அந்த மாதந்தான் கந்தோரில் கூட வேலைசெய்கிற ஒரு பிள்ளை, "சும்மா வந்து பாருங்கோ அக்கா" என்று என்னை மூன்றாம் சபைக்காரரோடு கூட்டிக்கொண்டு போனாள். ஐந்து பேர். பாரிசவாதத்தில் கிடந்த ஒரு மனுசனின் வீடு. ஒருவர் செபமாலை சொல்ல, இன்னொருவர் அவருடைய கால் நகங்களை வெட்டினார். தடித்து மஞ்சளாகிப்போன நகங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக, முக்கால் மணித்தியாலம். ஒருவரும் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை, பிரசங்கம் வைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நகவெட்டியை என்னிடம் தந்தார்கள். வாய் திறக்காமல் செய்யக்கூடிய ஒரு நன்மை உலகத்தில் இருக்கிறது என்று நாற்பத்தாறு வயதில் கண்டுபிடித்தேன். அதுதான் அழைப்பு, தம்பி. வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை.

உடனே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்காதே. பொறுப்பாளர் யோசேப்பு அண்ணை, பஸ் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னை இருத்தி வைத்துக் கேட்டார்.

"ஏன் தங்கச்சி இஞ்சை வாறீர்?"

"மனச் சமாதானத்துக்கு."

"அப்ப வீட்டிலை இரும். இஞ்சை வந்தால் உள்ளதும் போயிடும். ஒருத்தர் உம்மை ஏறவிடுறார், அதுக்காக அது உம்மடை பஸ் ஆகிடாது. பலகையை வடிவா வாசிச்சுப்போட்டு ஏறும்."

ஒரு வருடம் சும்மா வந்துபோகச் சொன்னார்கள். அந்த வருடத்தில் என்னை நானே எத்தனை விதமாகக் கேட்டேன்! மகன் கொழும்புக்குப் போய்விட்டான், வீடு வெறிச்சோடிப்போனது, அதை நிரப்பத்தான் போகிறேனோ? ஒழுங்கையில் முதல் பட்டதாரி என்ற பெருமை பழசாகிவிட்டது, இனி முதல் புண்ணியவதி என்று ஒரு பெயர் வேண்டுமோ? சில மாதங்களில் பதில் ஓம் என்றுதான் வந்தது. அந்த மாதங்களில் கூட்டத்துக்குப் போய், அதை அப்படியே சொன்னேன். ஒருவரும் திகைக்கவில்லை. "சரி, அடுத்த மாசமும் வாரும்" என்றார்கள். அப்படித்தான் பயிற்சியில் சேர்ந்தேன்.

கலியாணம் கட்டினவர்கள் சேருவதென்றால் பங்குத்தந்தை துணையையும் கூப்பிட்டுக் கேட்பார். அப்பா, வள்ள எஞ்சின்கள் திருத்துகிற ஹாபரிலிருந்து அப்படியே வந்தார், சறத்தில் எண்ணெயோடு. "உங்களுக்குச் சம்மதமோ?" என்று சுவாமி கேட்க, "சுவாமி, இவ மாசத்திலை ஒரு சனி கூட்டத்துக்குப் போறா. நான் கிழமைக்கு ஆறு நாள் ஹாபரிலை. இவ ஒருநாளும் என்னை மறிக்கேல்லை. நான் எந்த மூஞ்சையோடை மறிக்கிறது?" என்றார். வீட்டுக்கு வந்து, "உம்மடை செபப் புத்தகத்திலை மீன் கறிக்கு இடமிருக்குத்தானே?" என்று கேட்டார். அவ்வளவுதான். என்னோடு இருபத்திநான்கு வருடம் வாழ்ந்த மனுசனுக்கு இது ஒரு விபரீதமாகத் தெரியவில்லை. உனக்குத்தான் தெரிகிறது.

உனக்கு ஏன் அப்படித் தெரிகிறது என்பதும் எனக்குத் தெரியும். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் எழுதாமல் நான் ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குப் போகமுடியாது.

நீ குறைமாதத்தில் பிறந்தாய். ஒரு கிலோவும் கொஞ்சமும். கண்ணாடிப் பெட்டிக்குள் நீ கிடக்க, வெளியே நின்று ஒரு நேர்த்தி வைத்தேன்: பிழைத்தால் இவன் உமக்குத்தான், குருவாக்குவேன். நம்முடைய ஆட்கள் மெழுகுதிரி நேர்வார்கள், மொட்டை நேர்வார்கள், நான் ஆளையே நேர்ந்தேன். காய்ச்சல் வந்தபோதெல்லாம் அதை உனக்கு ஞாபகப்படுத்தினேன். பதின்மூன்று வயதில் உன்னைச் சிறிய குருமடத்தில் விட்டோம். பதினான்கு மாதத்தில் நீ ட்ரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாய். மத்தியானம். படலையடியில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டாய். நான் அயல் வீட்டைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. "ஆண்டவருக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கேலாது" என்று சொன்னேன். சொன்னது நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. ஒன்பது நாள் உனக்குச் சோறு போட்டேன், கதைக்கவில்லை. பத்தாம் நாள் அப்பா கத்தினார்: "பெடியன் உயிரோடை வந்து நிக்கிறான், நீ ஏன் செத்தவீடு கொண்டாடுறாய்?" அதற்குப் பிறகு கதைத்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நான் செய்தது பிழை, தம்பி. எனக்கு வந்த தாகத்துக்கு உன்னைத் தண்ணீர் எடுக்க அனுப்பினேன். நீ வெறுங்கையோடு வந்தாய் என்று உன்னைத் தண்டித்தேன். பயிற்சியின் இரண்டாம் வருடத்தில் இதை யோசேப்பு அண்ணையிடம் சொன்னபோது அவர், "மகனிட்டைச் சொன்னீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதைச் சொல்லாமல் வார்த்தைப்பாட்டைப் பற்றி என்னட்டைக் கதையாதையும்" என்றார். ஒரு வருடம் இழுத்தடித்தேன். அந்தக் கோழைத்தனத்தையும் சேர்த்து மன்னி.

மன்னிக்காவிட்டாலும் அது உன் உரிமை. ஆனால் ஒன்று. அந்தப் பிழைக்குத் தண்டனையாக நான் இதைக் கைவிடவேண்டும் என்று நீ உள்ளுக்குள் நினைத்தால், அதை ஏற்கமாட்டேன். அன்றைக்கு எனக்குச் சொந்தமில்லாத ஒரு வாழ்க்கையைக் கடவுளுக்குக் கொடுத்தேன். இன்றைக்கு என்னுடையதைக் கொடுக்கிறேன். இதில் உன்னிடமிருந்து ஒரு மணித்தியாலத்தைக்கூட எடுக்கவில்லை. உன் பிள்ளைகளுக்கு முழங்காலில் செபம் படிப்பிக்கமாட்டேன், எவரையும் எதற்கும் நேர்ந்துவிடமாட்டேன். நீ பூசைக்குப் போகிறாயா என்றுகூடக் கேட்கமாட்டேன். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதற்காக ஒதுங்கி நிற்கவும் மாட்டேன். ஊர் என்னை ஏற்கெனவே சாகடித்துவிட்டது. அப்பிளும் தின்றாயிற்று.

இனி டிலானியின் வீட்டைப் பற்றி. "அவை விரும்ப மாட்டினம்" என்று நீ சொன்னதை நான் நம்பினேன். நம்பியதால்தான் பயந்தேன். என்னால் உன் கலியாணம் குழம்பக்கூடாது. அதற்காக மறைத்துச் செய்யவும் எனக்கு மனமில்லை. ஆகவே நேற்று அரைநாள் லீவு போட்டுவிட்டு, தனியாக, பஸ் ஏறி இளவாலைக்குப் போனேன். ஆம், நான்தான். சம்பந்தி வீட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்று, திரும்பிப் போகலாமா என்று யோசித்துவிட்டுத்தான் படலையைத் திறந்தேன்.

டிலானியின் அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தாங்கலாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாய்மனைக் கதிரையில் இருத்தினா. "ஏன் உந்த வெயிலுக்குள்ளை வந்தனீங்கள்? சொல்லியிருந்தால் நாங்கள் வந்திருப்பம்தானே." அவவின் கணவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். "நாங்களும் உங்களோடை கதைக்கவேணும் எண்டுதான் இருந்தம். தையிலை வைக்காமல், திருவருகைக் காலம் தொடங்க முன்னம் கார்த்திகையிலையே கலியாணத்தை வைப்பம். நீங்கள் கண்ணாலை காணவேணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. குருநகர்க் கதை இளவாலைக்கும் போயிருக்கிறது. அவர்கள் என்னைப் புற்றுநோய்க்காரி என்று நினைத்து, என் மனம் நோகக்கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கி எதற்கு, வார்த்தைப்பாடு எதற்கு, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு. என் வாழ்க்கையில் அந்நியர் முன்னால் அவ்வளவு நேரம் கதைத்தது அதுதான் முதல் தடவை. டிலானியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டா. தகப்பன், "அப்ப உங்கடை மனுசன் சமையலுக்கு என்ன செய்வார்?" என்றார். அதே சமையல்தான் என்றேன். "அப்ப என்ன" என்றார். தாய்க்கு அவ்வளவு சம்மதமில்லை என்று முகம் சொன்னது. "யோசிப்பம்" என்றா. யோசிக்கட்டும். அது நேர்மையான சொல்.

டிலானி படலைவரை என்னோடு வந்தாள்.

"மாமி, நான் அவரிட்டைக் கேட்டனான். அம்மாவுக்கு என்ன எண்டு. வைத்தியம் நடக்குது, கவலைப்படாதையும் எண்டு சொன்னவர்."

"எப்ப கேட்டனீர்?"

"போன கிழமை."

போன கிழமை என்றால், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று கேட்டு நீ அழுததற்குப் பிறகு. நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காப்பாற்றவும் இல்லை. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிள்ளை. மிச்சத்தை அவனிட்டைக் கேளும்" என்றேன். "நாளைக்குப் பள்ளியிலை படிப்பிச்சுப்போட்டு வந்து கேக்கிறன்" என்று தலையாட்டினாள். அழவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆக, அவர்கள் விரும்பமாட்டார்கள் என்பது பொய். அவர்களிடம் நீ கேட்கவே இல்லை. உன் அம்மா மூன்றாம் சபையில் சேருகிறாள் என்று சொல்வதைவிட, அவள் சாகக்கிடக்கிறாள் என்று விட்டுவிடுவது உனக்கு இலகுவாக இருந்திருக்கிறது. அதை நினைத்து பஸ்ஸில் வரும்வழி எல்லாம் எனக்கு நெஞ்சு எரிந்தது. பிறகு யோசித்தேன். அயல் வீட்டுக்குப் பயந்து பெற்ற பிள்ளையைப் படலையில் நிற்கவைத்தவளின் மகன் வேறு எதைக் கற்றிருப்பான்? ஆகவே உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் உன்னைவிட மேலே நின்று கோபப்பட எனக்குத் தகுதி இல்லை. பக்கத்தில் நின்று கோபப்படுகிறேன்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து டிலானி உனக்கு எடுப்பாள். என்னைப் பற்றிக் கேட்கமாட்டாள், அது அவளுக்கு இப்போது தெரியும். உன்னைப் பற்றிக் கேட்பாள். நீ உரத்துக் கதைத்தால் அடங்கிப்போக அவள் நான் இல்லை. ஒன்றையும் பூசி மெழுகாமல் சொல். "வெட்கமாயிருந்தது" என்று ஒரு சொல் போதும். அதைச் சொல்லி அவள் போய்விட்டால், அவள் போகட்டும். மறைத்து அவளை வைத்திருப்பதைவிட அது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை நீ வருவதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, இரவுப் பஸ்ஸும் இருக்கிறது. வந்தால் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் உண்டு. வராவிட்டாலும் பூசை ஆறரைக்குத் தொடங்கும். பிரசங்கம் முடிந்தபின் என் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் முன்னால் போனதும் சுவாமி முதலாவதாக ஒரு கேள்வி கேட்பார்: ஒருவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறீரா? தை மாதம், டிலானிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, ஏறக்குறைய இதே கேள்வியை உன்னிடமும் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் உண்மையாகவே ஓம் என்று சொல்வேன், மைக் இல்லாமலே கடைசி வாங்குக்கும் கேட்கும்படி. தையில் நீயும் அப்படிச் சொல்லவேண்டும். அதற்கு இன்றைக்குப் பின்னேரம் தொலைபேசியை எடு.

உன் அம்மா